பெங்களூரில் வீடு கட்டுவோருக்கு: பெரும் பாரம் தாங்கும் பீம், திட்டமிடுவது முதல் முட்டு எடுப்பது வரை

பெங்களூரில் 30க்கு 40 அடி மனை வாங்கிய குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான திட்டத்தோடுதான் வருகின்றன. தரைத்தளத்தில் கார் நிறுத்த இடம், அதற்கு மேல் தாங்கள் குடியிருக்க ஒரு தளம், அதற்கும் மேலே வாடகைக்கு விட ஒன்றோ இரண்டோ தளங்கள். காரைத் திருப்புவதற்கு இடைஞ்சலாக நடுவில் தூண் வரக் கூடாது என்பது அடுத்து வரும் கோரிக்கை. தூணை எடுத்துவிட முடியும். ஆனால் அந்தத் தூண் சுமந்திருக்க வேண்டிய பாரம் அப்படியேதான் இருக்கிறது. அது ஒரு பீமின் மேல் ஏறி, அதன் இரு முனைகளுக்கும் பிரிந்து, அங்குள்ள தூண்களின் வழியாக அஸ்திவாரத்துக்கு இறங்குகிறது. அந்த ஒரு பீமைப் பொறுத்துத்தான் மேலே குடியிருக்கும் எல்லோருடைய பாதுகாப்பும் அமைகிறது.

கணக்குப் போட்டு வரைபடம் தருவது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் வேலை. இந்த வழிகாட்டியைப் படித்துவிட்டு யாரும் அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஆனால் இன்ஜினியர் சைட்டுக்கு வருவது எப்போதோ ஒரு முறை. நாள் முழுவதும் அங்கே இருப்பவர்கள் மேஸ்திரியும் வீட்டுக்காரரும்தான். வரைபடத்தில் சரியாக இருந்த பீம் கட்டும்போது கெட்டுப்போவதை அவர்களால் மட்டுமே தடுக்க முடியும். எல்லோரும் பீமின் நடுப்பகுதியையே பார்க்கிறார்கள். அங்கே தொய்வு தெரிகிறதா, கம்பி தடிமனாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பாரம் முழுவதும் போய்ச் சேருகிற முனைகளையும், பீமும் தூணும் கூடும் இடத்தையும் கவனிப்பவர்கள் குறைவு. ஆகவே கீழே வரும் படிகளில் முனைகளுக்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

முதல் படி: பாரம் போகும் பாதையை வரைந்து பாருங்கள்

இன்ஜினியரைப் பார்க்கப் போவதற்கு முன்பே, ஒரு தாளில் எல்லாத் தளங்களின் சுவர்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்துகொள்ளுங்கள். மேல்தளத்துச் சுவருக்கு நேர் கீழே சுவரோ பீமோ இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி எந்தத் தூணுக்கு மேலே வருகிறது, மாடிப்படி எதில் போய் நிற்கிறது என்று குறியுங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீரின் எடை மட்டுமே ஒரு டன். வாடகை வீடுகள் கூடக் கூடத் தொட்டிகளும் கூடும். அவற்றைக் கட்டடம் எழும்பிய பிறகு மேஸ்திரியின் யோசனைப்படி எங்கோ ஒரு மூலையில் ஏற்றுவது இந்த ஊரில் சாதாரணமாக நடக்கிறது. தொட்டியின் இடத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் அது கணக்கில் சேர்ந்துவிடும்.

எவ்வளவு பாரம் வரும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. 150 மி.மீ. கனமுள்ள கான்கிரீட் தளத்தின் எடை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 375 கிலோ. தரை ஓடும் அதன் கீழுள்ள கலவையும் சேர்ந்து 125 கிலோ என்று கொள்ளலாம். மனிதர்கள், கட்டில், பீரோ ஆகியவற்றுக்காகக் குடியிருப்புக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ. ஆக மொத்தம் 700 கிலோ. பீமின் இருபுறமும் சேர்த்து மூன்றரை மீட்டர் அகலத் தளம் அதன்மேல் வந்தால், பீமின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 2,450 கிலோ. அதன்மேல் 3 மீட்டர் உயரத்துக்கு ஒன்பது அங்குலச் செங்கற் சுவர் எழுப்பினால், பூச்சு நீங்கலாகவே இன்னும் 1,380 கிலோ. பீமின் சொந்த எடை ஏறத்தாழ 400 கிலோ. கூட்டிப் பார்த்தால் மீட்டருக்கு 4.2 டன், 6 மீட்டர் நீளத்துக்கு 25 டன். இது ஒரே ஒரு தளத்தின் பாரம். இன்ஜினியர் இதை ஒன்றரையால் பெருக்கித்தான் வடிவமைப்பார். ஒவ்வொரு முனையிலும் பன்னிரண்டரை டன் இறங்குகிறது என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர்களைப் பற்றி இங்கே ஒரு முடிவு எடுக்கலாம். உள்சுவர்களை ஒன்பது அங்குலத்துக்குப் பதிலாக நாலரை அங்குலத்தில் கட்டினாலோ, எடை குறைந்த ஏஏசி பிளாக்குகளைப் பயன்படுத்தினாலோ பீமின் பாரம் கணிசமாகக் குறையும். பீமைப் பெரிதாக்குவதைவிட இது பல வீடுகளில் மலிவான வழி.

மேல்தளத்தில் தூண் தொடங்கி, கீழ்த்தளத்தில் அது இல்லாமல், பீமின் நடுவே வந்து நிற்கும் ஏற்பாட்டை மிதக்கும் தூண் என்கிறார்கள். இதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். ஒரே எடை பீம் முழுவதும் சீராகப் பரவியிருந்தால் உண்டாகும் வளைவு விசையைப் போல இரு மடங்கு, அதே எடை நடுவில் ஒரே புள்ளியில் நிற்கும்போது உண்டாகும். ஐ.எஸ். 1893:2016 பெங்களூரை நில அதிர்வு மண்டலம் இரண்டில் வைத்திருக்கிறது; மும்பை மூன்றிலும் டெல்லி நான்கிலும் வருகின்றன. இங்கே அபாயம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் தூண் பாதியில் நின்றுபோகிற கட்டடம் பக்கவாட்டு அசைவைத் தாங்குவதில் எந்த மண்டலத்திலும் பலவீனமானதே. காரை எப்படித் திருப்புவது என்பதைத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓட்டிப் பார்த்தால், தூணை ஓரடி தள்ளினாலே போதும் என்று தெரிய வருவதுண்டு.

இரண்டாம் படி: நீளம், ஆழம்

பீமின் நீளத்தைக் கூட்டும்போது விளைவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. மீட்டருக்கு வரும் பாரம் மாறாமல் இருந்தால், வளைவு விசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும், தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தும் கூடுகிறது. 6 மீட்டரை 7.5 மீட்டராக்கினால் நீளம் கால் பங்குதான் கூடுகிறது. வளைவு விசை 56 சதவீதம் கூடும். அதே பீமாக இருந்தால் தொய்வு ஏறக்குறைய இரண்டரை மடங்காகும்.

ஆழம் இதற்கு நேர் எதிராக நமக்குத் துணை நிற்கிறது. ஒரு மர ஸ்கேலைத் தட்டையாகப் பிடித்து வளைத்தால் எளிதில் வளையும். அதையே விளிம்பில் நிறுத்தினால் அசையாது. பீமின் விறைப்பு ஆழத்தின் மூன்றாம் அடுக்காகக் கூடுகிறது. ஆழத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். பாரம் அதிகமுள்ள பீமுக்கு முதல் மதிப்பீடாக, நீளத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பன்னிரண்டில் ஒரு பங்கு வரை ஆழம் கொள்வது வழக்கம். 6 மீட்டருக்கு 500 முதல் 600 மி.மீ. நாம் மேலே கண்ட 25 டன்னுக்கு, எம்25 தரக் கான்கிரீட்டும் எஃப்இ500 தரக் கம்பியும் கொண்டு 300க்கு 600 மி.மீ. பீம் ஓரளவு பொருந்தி வருகிறது. 7.5 மீட்டர் என்றால் அந்த அளவு போதாது.

தலைக்கு மேல் உயரம் குறைகிறது, அழகு கெடுகிறது என்று சொல்லித் தளத்தின் கனத்துக்குள்ளேயே பீமை மறைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. 150 மி.மீ. தளத்துக்குள் கம்பியை நெருக்கிக் கட்டிவிட்டு அதை மறைந்த பீம் என்று பெயரிட்டால், அது பீமாகிவிடாது. பெரும் பாரத்துக்கு அது உதவவே உதவாது. தரைத்தளத்தின் உயரத்தை வரைபடக் கட்டத்திலேயே பீமின் ஆழத்துக்கு ஏற்ப உயர்த்திக்கொள்வதே சரியான வழி.

மெட்ரோ பாலத்தில் தூண்கள் அவ்வளவு தள்ளி இருக்கும்போது நம் வீட்டில் ஏன் முடியாது என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். 2011 அக்டோபரில் எம்.ஜி. ரோட்டுக்கும் பையப்பனஹள்ளிக்கும் இடையே ஓடத் தொடங்கிய நம்ம மெட்ரோவின் கர்டர்கள், யார்டில் துண்டு துண்டாக வார்க்கப்பட்டு, தூண்களுக்கு மேல் தூக்கி நிறுத்தி எபாக்சியால் ஒட்டப்பட்டு, உள்ளே ஓடும் உயர் வலிமை எஃகு வடங்களை இழுத்து இறுக்கி ஒன்றாக்கப்பட்டவை. அவற்றின் ஆழம் ஏறத்தாழ ஆள் உயரம் இருக்கும். வடங்களின் இறுக்கம் கான்கிரீட்டை எப்போதும் அழுத்தத்திலேயே வைத்திருப்பதால், ரயில் போகும்போது அடிப்பகுதியில் வர வேண்டிய இழுவிசை பெரும்பாலும் அந்த அழுத்தத்திலேயே அடங்கிவிடுகிறது. கர்டர் தூணோடு ஒட்டியும் இருக்காது. இடையில் பேரிங் எனும் தாங்கு மெத்தை உண்டு. 30 மீட்டர் கர்டர் 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஏறத்தாழ 6 மி.மீ. நீண்டு சுருங்குவதால் அந்த இடைவெளி தேவைப்படுகிறது. வீட்டுப் பீமோ தூணோடு சேர்த்தே வார்க்கப்படுகிறது. அதனால் அதன் முனைகளில் மேற்புறமும் இழுவிசை வருகிறது. இந்த வேறுபாடுதான் அடுத்து வரும் கம்பி கட்டும் முறையைத் தீர்மானிக்கிறது.

மூன்றாம் படி: கான்கிரீட்டா, இரும்பா

புதிய வீட்டுக்குக் கான்கிரீட்டே போதும். தூண், தளம், பீம் எல்லாம் ஒரே உடலாக நிற்கும். தீயையும் துருவையும் கான்கிரீட் தன் போக்கிலேயே தடுக்கும்.

இருக்கும் வீட்டில் சுவரை எடுத்துக் கூடத்தைப் பெரிதாக்கும்போதுதான் இரும்பு பீம் கைகொடுக்கிறது. நாம் கணக்கிட்ட அதே 25 டன்னுக்கு, 6 மீட்டர் நீளத்தில் ஐஎஸ்எம்பி 450, அதாவது 450 மி.மீ. ஆழமுள்ள ஐ வடிவ இரும்பு தேவைப்படும். மீட்டருக்கு 72 கிலோ. ஒரு பீம் 430 கிலோவுக்கு மேல். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஆட்டோ நுழையவே சிரமப்படும் சந்துகளில் இதை எப்படிக் கொண்டுவந்து, எந்தச் செயின் பிளாக்கில் தூக்குவது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். வழியில் இரண்டாக வெட்டி உள்ளே கொண்டுபோய் வெல்டிங் வைத்துச் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்தச் சேர்ப்பு எங்கே வரலாம், எப்படி வர வேண்டும் என்று இன்ஜினியர் எழுதித் தராமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரும்பு பீமில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அது உட்காரும் இடம். பன்னிரண்டரை டன்னை நேராகச் செங்கல்லின் மேல் வைத்தால் செங்கல் நொறுங்கும். செங்கற் சுவர் ஒரு சதுர மி.மீ.க்கு 1 நியூட்டன் தாங்கும் என்று தாராளமாகக் கொண்டாலும், ஒன்பது அங்குலச் சுவரில் 540 மி.மீ. நீளத்துக்குப் பாரத்தைப் பரப்ப வேண்டியிருக்கும். அதற்காகத்தான் பீமுக்கு அடியில் கான்கிரீட் மெத்தைக் கல் வார்க்கிறோம். சுவர் பழையது என்றால் அதை நம்பாமல், புதிய தூணே அஸ்திவாரத்திலிருந்து எழுப்புவது நல்லது. இரண்டாவது, பீமின் மேல் விளிம்பு பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும். பிடிமானம் இல்லாத நீண்ட பீம் வளைவதற்கு முன்பே முறுக்கிக்கொண்டு சாயும். மூன்றாவது, தீ. 600 டிகிரி வெப்பத்தை நெருங்கும்போது எஃகு தன் வலிமையில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. வண்டிகள் நிற்கும் தளத்தில் பீமை வெறுமனே பெயின்ட் அடித்து விடாமல், வலையும் பூச்சும் கொண்டோ தீத்தடுப்புப் பலகை கொண்டோ மூட வேண்டும்.

சுவரை எடுக்கும் முறைக்கும் ஒரு வரிசை உண்டு. சுவரில் சிறு துளைகள் இட்டு, அவற்றின் வழியே குட்டை இரும்புகளை நுழைத்து, இருபுறமும் முட்டுக் கொடுத்து மேற்பாரத்தை முதலில் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதன் பிறகே சுவரை வெட்டிப் பீமை ஏற்ற வேண்டும். பீமுக்கும் மேற்சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சுருங்காத கலவையால் இறுக்கி நிரப்பி, அது கெட்டியான பிறகுதான் முட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தலாம். கன்டோன்மென்ட் பகுதியின் பழைய வீடுகளில் மர உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை இருந்தால், தேக்கு உத்தரங்கள் எந்தச் சுவரில் இறங்குகின்றன என்று பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க வேண்டாம்.

நான்காம் படி: கம்பி கட்டு

இங்கே நிதானமாக நில்லுங்கள். கான்கிரீட் ஊற்றிய பிறகு கம்பியை யாரும் பார்க்க முடியாது. கான்கிரீட் வரும் நாளுக்கு முந்தைய நாள் காலையிலேயே இன்ஜினியர் வந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். மாலையில் வந்து பார்த்தால், தவறு கண்டாலும் திருத்த நேரம் இருக்காது. லாரி சொல்லியாகிவிட்டது என்ற அவசரத்தில் எல்லாம் சரி என்றாகிவிடும்.

பீமின் நடுவில் அடிப்புறமும், தூணுக்கு அருகே மேற்புறமும் இழுவிசை வருகிறது. ஆகவே முக்கியக் கம்பிகள் நடுவில் கீழேயும் முனைகளில் மேலேயும் இருக்க வேண்டும். ஒரு கம்பி முடிந்து அடுத்த கம்பி சேரும் மேலெட்டு இந்த இடங்களில் வரக் கூடாது. கீழ்க் கம்பியை நடுப்பகுதியில் ஒட்டக் கூடாது. மேல் கம்பியைத் தூணருகே ஒட்டக் கூடாது. ஒரே இடத்தில் பாதிக்கு மேற்பட்ட கம்பிகளை ஒட்டுவதும் தவறு. மேலெட்டின் நீளம் எவ்வளவு என்று கேட்டால், கம்பியின் தடிமனைப் போல 40 மடங்கு என்று பல மேஸ்திரிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். எம்25 கான்கிரீட்டில் எஃப்இ500 கம்பிக்கு ஐ.எஸ். 456 கணக்குப்படி அது ஏறத்தாழ 49 மடங்கு. 20 மி.மீ. கம்பிக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் தவறாது.

அதே ஒரு மீட்டர், பீம் முடியும் கடைசித் தூணிலும் தேவைப்படுகிறது. பெங்களூரில் சுவருக்குள் தூண் மறைய வேண்டும் என்பதற்காக ஒன்பது அங்குல அகலத்தில் தூண் நிறுத்துவது பரவலான பழக்கம். 230 மி.மீ. தூணுக்குள் நேராகப் போனால் கம்பிக்கு 190 மி.மீ. பிடிமானம்கூடக் கிடைக்காது. ஆகவே மேல் கம்பியைத் தூணின் வெளிப்புறம் வரை கொண்டுபோய்ச் செங்குத்தாகக் கீழே மடக்கி இறக்க வேண்டும். மடக்காமல் நேராக வெட்டி விட்ட கம்பி, பாரம் ஏறும்போது தூணிலிருந்து உருவிக்கொண்டு வரும். தூண் 300 மி.மீ. அகலம் இருந்தால் இந்த நெருக்கடி பெருமளவு குறையும். சுவரில் தூண் சற்றுத் துருத்திக்கொண்டு தெரிந்தால் தெரியட்டும் என்பதே என் கருத்து.

அடுத்தது ரிங், அதாவது நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம். பாரம் முழுவதும் முனைகளை நோக்கி நகர்வதால், பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் வெட்டு விசை அங்கேதான் உச்சத்தில் இருக்கிறது. அதனால் முனைகளில் ரிங்குகள் நெருக்கமாகவும் நடுவில் சற்றுத் தள்ளியும் வரும். வரைபடத்தில் முனையில் 100 மி.மீ., நடுவில் 200 மி.மீ. என்று இருந்தால், சைட்டில் எல்லா இடத்திலும் 150 மி.மீ. என்று சராசரி போட்டுக் கட்டிவிடுவதைப் பார்க்கலாம். ரிங்குகளின் எண்ணிக்கையும் செலவும் சரியாகவே இருக்கும். வலிமை தேவைப்படும் இடத்தில் மட்டும் இருக்காது. டேப்பைப் பிடித்துத் தூணின் முகத்திலிருந்து அளந்து பாருங்கள். முதல் ரிங் தூணிலிருந்து 50 மி.மீ.க்குள் வர வேண்டும். ரிங்கின் கொக்கிகள் 90 டிகிரியில் நின்றுவிடாமல், 135 டிகிரிக்கு உட்புறமாக மடங்கியிருக்க வேண்டும்.

பீமும் தூணும் சந்திக்கும் முடிச்சைக் குனிந்து பார்த்தால், நாற்புறமும் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்திருக்கும். தூணின் ரிங் அந்த ஓரிரு அடி உயரத்துக்கு மட்டும் காணாமல் போயிருக்கும். கேட்டால், "அங்க கை நுழையாது சார், அதான் சுத்தி கம்பி இருக்கே" என்று பதில் வரும். சுற்றிக் கம்பி இருப்பது உண்மைதான். ஆனால் தூண் கம்பிகள் வெளியே பிதுங்காமல் பிடித்து வைக்க அங்கே வேறெதுவும் இல்லை. பீம் கம்பிகளை இறக்குவதற்கு முன்பே அந்த ரிங்குகளைத் தூணில் மாட்டி வைத்துவிட்டால் பிறகு சரியான உயரத்துக்கு நகர்த்திக் கட்டிவிடலாம். கம்பி கட்டுபவர்கள் பல சைட்டுகளில் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்கள். தமிழ் மேஸ்திரி சொல்வது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை ஒரு முடிச்சைச் செய்து காட்டச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கவர் பிளாக் விஷயத்தில் சமரசம் வேண்டாம். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் இடையே 30 மி.மீ. இருக்கும்படி சிமென்ட் கவர் பிளாக்குகளை அடியிலும் பக்கவாட்டிலும் கட்ட வேண்டும். ஜல்லியையோ உடைந்த டைல்ஸ் துண்டையோ செருகினால், ஆள் நடமாட்டத்தில் அது நழுவிக் கம்பி பலகையில் படிந்துவிடும். சில ஆண்டுகளில் துருப்பிடித்துக் கான்கிரீட் உரிந்து விழுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஐந்தாம் படி: சென்ட்ரிங் (தற்காலிக முட்டும் பலகையும்)

ஈரக் கான்கிரீட்டுக்குச் சொந்த பலம் ஏதும் கிடையாது. முழு எடையையும் முட்டுகள்தான் தாங்குகின்றன. தரைத்தளத்தில் அந்த முட்டுகள் நிற்பது பெரும்பாலும் அஸ்திவாரம் தோண்டி மீண்டும் நிரப்பிய மண்ணில். ஒரு மழை பெய்தால் அந்த மண் இறங்கும். முட்டுக்கு அடியில் செங்கல்லை வைக்காமல் தடித்த பலகையை நீளவாக்கில் போட்டு, மண்ணையும் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். நீலகிரி (யூகலிப்டஸ்) மரக் கம்புகளைவிட இரும்பு ஜாக்கிகள் நம்பகமானவை. எதுவானாலும் பாதி உயரத்தில் இரு திசைகளிலும் குறுக்குக் கட்டு வேண்டும். இரண்டு கம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி நிறுத்திய முட்டைப் பெரிய பீமின் கீழ் அனுமதிக்காதீர்கள். நீண்ட பீமின் நடுவைச் சில மி.மீ. உயர்த்தி வைக்க இன்ஜினியர் சொல்லியிருந்தால் நூல் பிடித்துச் சரிபார்க்கவும்.

ஆறாம் படி: கான்கிரீட் போடும் நாள்

காலையிலேயே தொடங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபரிலும் பெங்களூரில் மாலை மழை வழக்கம். பாதியில் நின்றுபோன பீமில் உண்டாகும் இணைப்பு நிரந்தரப் பலவீனம். தவிர்க்கவே முடியாமல் நிறுத்த நேர்ந்தால், வெட்டு விசை குறைவாக உள்ள நடு மூன்றிலொரு பங்கில், பலகை வைத்துச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். தூணருகே ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் டெலிவரி சீட்டில் தரமும் கலவை ஏற்றிய நேரமும் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயில் ஓட்டம் மந்தமாக இருக்கிறது என்று டிரம்மில் தண்ணீர் ஊற்றுவது, வாங்கிய வலிமையைக் கையாலேயே கரைத்து விடுவதாகும். இளக்கம் போதவில்லை என்றால் நிறுவனத்தின் ஆள் தகுந்த ரசாயனக் கலப்பைச் சேர்க்கட்டும். சைட்டிலேயே கலப்பதானால், மழையில் நனைந்து கிடந்த எம் சாண்டில் உள்ள ஈரத்தையும் கணக்கில் கொண்டு தண்ணீரைக் குறைக்க வேண்டும். வலிமையைச் சோதிக்க 150 மி.மீ. கியூப் அச்சுகளில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஐ.எஸ். 456 படி ஐந்து கன மீட்டர் வரை ஒரு மாதிரி, ஆறு முதல் பதினைந்து வரை இரண்டு. ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று கியூப்கள். ஏழாம் நாள் முடிவையும் தெரிந்துகொள்ள விரும்பினால் கூடுதல் கியூப்கள் எடுத்து வைக்க வேண்டும்.

முடிச்சில் கம்பி நெருக்கமாக இருப்பதால் கான்கிரீட் உள்ளே இறங்காமல் வெற்றிடம் விழும் அபாயம் அங்கேதான் அதிகம். இது சிறு சைட்டுகளுக்கு மட்டுமே உரிய குறை அன்று. 2018 டிசம்பரில் டிரினிட்டி மெட்ரோ நிலையத்துக்கு அருகே மேம்பாலத்தின் கான்கிரீட்டில் தேன்கூடு போன்ற வெற்றிடம் கண்டறியப்பட்டு, அதைச் சீர்செய்வதற்காக எம்.ஜி. ரோட்டுக்கும் இந்திராநகருக்கும் இடையே சில நாள் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. அத்தனை மேற்பார்வை உள்ள இடத்திலும் அது நிகழ்ந்தது என்றால், நம் சைட்டில் ஒருவர் முடிச்சுகளுக்கென்றே வைப்ரேட்டருடன் நிற்பது அவசியம். பெரிய ஊசி நுழையாத இடத்துக்கு 25 அல்லது 40 மி.மீ. ஊசியும், அது கெட்டுப்போனால் மாற்றுக்கு இன்னொன்றும் கையில் இருக்க வேண்டும். ஊசியைச் செங்குத்தாக இறக்கி, குமிழிகள் அடங்கியதும் மெதுவாக உயர்த்த வேண்டும். அதைக் கொண்டு கான்கிரீட்டைத் தள்ளிச் செல்லக் கூடாது.

ஏழாம் படி: க்யூரிங், முட்டு எடுத்தல்

பீமின் மேற்புறத்தில் தளத்தோடு தண்ணீர் தேங்கும்; பக்கங்களும் அடியும் காய்ந்துபோகும். பக்கப் பலகையைக் கழற்றியதும் சாக்குப் படுதா சுற்றி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். சாதாரண சிமென்டுக்கு ஏழு நாளும், இப்போது பெரும்பாலும் கிடைக்கும் பிபிசி போன்ற கலப்பு சிமென்டுக்குப் பத்து நாளும் குறைந்தபட்சம். வெயில் காலத்தில் பதினான்கு நாள் செய்வது நல்லது. 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் குடிநீர் வாரியம் தடை விதித்ததிலிருந்து, சுத்திகரித்த நீரும் டேங்கர் நீருமே பல சைட்டுகளில் கதி. எந்த நீரானாலும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். கம்பியுள்ள கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராமுக்கு மேல் போகக் கூடாது.

முட்டு விஷயத்தில் ஐ.எஸ். 456 தெளிவாகச் சொல்கிறது: 6 மீட்டர் வரையுள்ள பீமுக்குப் பதினான்கு நாள், அதற்கு மேல் இருபத்தொரு நாள். இது சாதாரண சிமென்டுக்கு. பிபிசி மெதுவாக வலுவடைவதால் இன்னும் சில நாள் சேர்க்க வேண்டும். சென்ட்ரிங் சாமான் வாடகை நாள் கணக்கில் ஏறுவதால் பத்தாம் நாளே கழற்றிவிடச் சொல்லி நெருக்குவார்கள். விடாதீர்கள். மேல்தளத்துக்கு முட்டுக் கொடுத்துக் கான்கிரீட் ஊற்றும்போது அந்தப் புதிய தளத்தின் எடையும் இந்தப் பீமின் மேல்தான் வருகிறது. ஆகவே மேல்தளம் வலுவாகும் வரை கீழ்ப் பீமின் நடுவிலாவது முட்டு நிற்கட்டும். கழற்றும்போது நடுவில் தொடங்கி முனைகளை நோக்கிச் செல்ல வேண்டும். துருத்திக்கொண்டிருக்கும் பால்கனி பீமுக்கு மட்டும் வெளிமுனையில் தொடங்கித் தூணை நோக்கி வர வேண்டும்.

எட்டாம் படி: பிறகு வருபவர்களிடமிருந்து பீமைக் காத்தல்

பீமுக்கு வரும் சேதத்தில் பெரும்பகுதி பிளம்பரின் உளியிலிருந்து வருகிறது. நான்கு அங்குலக் கழிவுக் குழாய் போக வழியில்லை என்றதும், தூணை ஒட்டிய பீமில் துளை போட்டு, இடையில் வந்த ரிங்கையும் அறுத்துவிடுவார்கள். குழாய் போயே ஆக வேண்டுமென்றால், கான்கிரீட்டுக்கு முன்பே இன்ஜினியர் குறித்துத் தந்த இடத்தில், நீளத்தின் நடுப்பகுதியில், ஆழத்தின் மையத்தையொட்டி ஸ்லீவ், அதாவது குழாய் நுழைய ஓர் உறை, வைக்க வேண்டும். பிளம்பிங் வரைபடம் பீம் வரைபடத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். கம்பி கட்டிய நிலையில் ஒவ்வொரு முடிச்சையும் டேப்பை வைத்துப் புகைப்படம் எடுத்து வரைபடங்களோடு பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் ஏசி துளை போட வருபவருக்கும், இன்னொரு தளம் எழுப்ப நினைக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

ஒன்பதாம் படி: விரிசலைப் படித்தல்

பீமின் நடுவில், அடியிலிருந்து மேல் நோக்கிச் செங்குத்தாக ஓடும் மயிரிழை விரிசல்கள் எல்லாக் கான்கிரீட் பீம்களிலும் வரக்கூடியவை. 0.3 மி.மீ. அகலத்துக்குள் இருந்து, வளராமல் இருந்தால் கவலை இல்லை. விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். கம்பியின் போக்கிலேயே பீமின் நீளவாக்கில் பழுப்புக் கறையோடு ஓடும் விரிசல் துருவின் அடையாளம். அதன்மேல் பூசி மறைக்காமல், உரித்துக் கம்பியைச் சுத்தம் செய்து சீர்படுத்த வேண்டும்.

தூணுக்கு அருகே சாய்வாக, 45 டிகிரி அளவில் ஓடும் விரிசல் வேறு வகை. அது வெட்டு விசையால் வருவது. நடுவில் வரும் விரிசலைப் போல நீண்ட கால அவகாசம் தராது. அதைக் கண்டவுடன் பூச்சு வேலையை நிறுத்திவிட்டு, பீமின் கீழே, விரிசலிலிருந்து சற்று நடுப்புறமாக இரும்பு ஜாக்கிகளைப் பலகையோடு நிறுத்தி இறுக்குங்கள். மேல்தளத்தில் அடுக்கியிருக்கும் செங்கல், டைல்ஸ் பெட்டிகளை இறக்குங்கள். தொட்டியில் தண்ணீர் இருந்தால் வடித்துவிடுங்கள். குடியிருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, இன்ஜினியர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்கும் வரை அந்த முட்டுகளை யாரும் தொடக் கூடாது.